ஏழாம் பாறையில் பகல் முறை

அந்த வருடம் சித்திரையிலிருந்து ஆவணி வரை, வார நாட்களில், பிற்பகல் இரண்டு மணி நாற்பது நிமிடத்துக்கு நானும் மனைவியும் டோர்வல் பேருந்து நிலையத்தில் சந்தித்துக்கொள்வோம். காதலர் சந்திப்பு என்று நினைத்துவிட வேண்டாம். அவள் விமான நிலையப் பக்கமிருந்து வருவாள், நான் நகரத்துப் பக்கமிருந்து வருவேன். என் நெஞ்சில் கட்டிய துணிப்பையில் எங்கள் மகள் தொங்கிக்கொண்டிருப்பாள். மேற்கே போகும் என் பேருந்து புறப்பட ஆறு நிமிடம் இருக்கும். அந்த ஆறு நிமிடத்துக்குள் பிள்ளை கைமாற வேண்டும், பையின் வார்கள் என்னிடமிருந்து கழன்று அவள் தோளில் ஏற வேண்டும், அன்றைய அறிக்கை ஒப்புவிக்கப்பட வேண்டும். நேரம் மிஞ்சினால் சண்டையும் பிடிக்க வேண்டும்.

"சாப்பிட்டவளோ?"

"அரைக் கிண்ணம் கரட். மிச்சம் என்ரை சேட்டிலை."

"நித்திரை?"

"ஒன்பது பத்திலையிருந்து பத்து இருபது மட்டும். பேந்து பஸ்ஸுக்கை ஒரு பன்னிரண்டு நிமிசம்."

"மற்றச் சொக்ஸ் எங்கை?"

மற்றச் சொக்ஸ் எங்கே என்ற கேள்விக்கு அந்த ஐந்து மாதமும் என்னிடம் பதில் இருந்ததில்லை. ஜாரி மெட்ரோவில் ஏறும்போது இரண்டு காலிலும் இருக்கும். டோர்வலில் இறங்கும்போது ஒன்றுதான் இருக்கும். இடையில் நடப்பது பிள்ளைக்கும் அந்த ரயிலுக்கும் இடையிலான விஷயம். எனக்குத் தெரியாது.

மனைவிக்கு விமானச் சாப்பாட்டுத் தட்டுகளில் பாணும் பழமும் அடுக்குகிற வேலை. விடியமுன் போய் இரண்டு மணிக்கு முடிப்பாள். நான் யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் விலங்கியல் படிப்பித்தவன். இங்கே கியூபெக்குக்கு வந்து பல கோப்பைகள் கழுவிய பிறகு, எங்கள் நகரம் இருக்கும் தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இருக்கும் விவசாய வளாகத்தில் ஒரு பகுதிநேர வேலை கிடைத்திருந்தது. வேலை என்னவென்றால் வீடியோ பார்ப்பது. தெரிந்தவர்களிடம் சொன்னபோது யாருமே நம்பவில்லை. "அண்ணைக்கு ரீவி பாக்கச் சம்பளமாம்" என்று நாங்கள் குடியிருந்த வில்லரே பகுதி முழுக்கக் கதை பரவியது.

வடக்கே, கோடையில் சூரியன் மறையவே மறையாத ஒரு தீவில், கடலைப் பார்த்து நிற்கும் செங்குத்தான பாறைச் சுவரில் ஆயிரக்கணக்கில் கடற்பறவைகள் குஞ்சு பொரிக்கும். முந்தைய கோடையில் அந்தப் பாறைகளுக்கு எதிரே கமராக்களைப் பூட்டி, இராப்பகலாகப் பதிந்து, பெட்டி பெட்டியாக நாடாக்களைக் கொண்டுவந்திருந்தார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் யார் எத்தனை மணிக்கு வருகிறது, யார் போகிறது, யார் மீன் கொண்டுவருகிறது என்று பார்த்துத் தாளில் எழுதுவதுதான் என் கடமை. கறுத்த முதுகும் வெள்ளை நெஞ்சுமாக நிமிர்ந்து நிற்கும் பறவை அது. தமிழில் அதற்குப் பெயர் வைக்க யாருக்கும் இதுவரை அவசியம் வரவில்லை. அதனால் நான் வைத்தேன், அப்புக்காத்துக் குருவி. யாழ்ப்பாணத்து நீதிமன்ற வாசலில் கறுத்தக் கோட்டோடு நிற்கும் வழக்கறிஞர்களைப் பார்த்தவர்களுக்கு நான் ஏன் அப்படி வைத்தேன் என்று விளங்கும். அதே நிற்பு, அதே வாய்.

கூடு என்று ஒன்றும் கட்டாது. ஒரு சாண் அகல வெறும் பாறை விளிம்பில் ஒரே ஒரு முட்டையை இட்டு, அதைக் காலின் மேலே தூக்கி வைத்து அடைகாக்கும். ஒன்று இருக்கும், மற்றது கடலுக்குப் போகும். பன்னிரண்டு மணித்தியாலம் அளவில் மற்றது திரும்பி வரும், முறை மாறும். வந்தவர் உடனே இடத்தைப் பிடித்துவிடலாம் என்று நினைக்கக்கூடாது. குனிந்து வணக்கம் சொல்ல வேண்டும், இருப்பவரின் கழுத்து இறகைக் கோதிவிட வேண்டும், கொஞ்சம் கெஞ்ச வேண்டும். இருப்பவருக்கு எழும்ப மனம் வராது. ஒருமுறை ஒரு பறவை தன் துணையை இருபத்திமூன்று நிமிடம் காக்க வைத்தது. டோர்வலில் எனக்கு அவ்வளவு நேரம் கிடையாது.

எனக்கு வியப்பாக இருந்தது அந்த நேரம் தவறாமைதான். அங்கே இருட்டு இல்லை. படத்தின் மூலையில் ஓடும் கடிகாரம் மட்டும் இல்லாவிட்டால் காலை எது மாலை எது என்று எனக்கே தெரியாது. ஆனால் அந்தப் பறவைகளுக்குத் தெரிந்திருந்தது. காலையில் வருகிறவர் காலையில்தான் வருவார், மாலையில் வருகிறவர் மாலையில்தான். இதை நான் வீட்டில் பெருமையாகச் சொன்னேன். ஆனி மாதம். இரவு எட்டரைக்கும் யன்னலில் வெயில் அடிக்க, எங்கள் மகள் கட்டிலில் எழுந்து நின்று கம்பியைப் பிடித்து ஆடிக்கொண்டிருந்தாள். மனைவி சமையலுக்கு வைத்திருந்த அலுமினியத் தாளை யன்னல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"இருட்டே இல்லாத இடத்திலை அதுகள் நேரத்துக்கு முறை மாத்துதுகள், தெரியுமோ?" என்றேன்.

"அப்ப உங்கடை அப்புக்காத்தரைக் கேட்டுக்கொண்டு வாங்கோ," என்றாள் அவள், "எங்கடை பிள்ளையை எப்பிடி எட்டரைக்குப் படுக்க வைக்கிறதெண்டு."

காலை நேரங்கள் என்னுடையவை. பிள்ளையை நெஞ்சில் கட்டிக்கொண்டு மூன்றாம் மாடியிலிருந்து வளைந்து இறங்கும் இரும்புப் படிக்கட்டில் பக்கவாட்டாக இறங்கி, கடைத்தெருவைச் சுற்றி வருவேன். எங்கள் ஆட்கள் எதிர்ப்படுவார்கள். "தம்பிக்கு வேலை இல்லையோ?" என்று கேட்பார்கள். "லீவு அன்ரி" என்பேன். சித்திரையில் லீவு என்றேன், வைகாசியில் லீவு என்றேன், ஆடியிலும் லீவு என்றேன். இப்படி லீவு தருகிற கொம்பனியில் தன் மகனுக்கும் ஓர் இடம் எடுத்துத் தரும்படி ஒரு அம்மா உண்மையாகவே கேட்டார்.

பொய் சொன்னது வெட்கத்தால்தான். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் பிள்ளையை வளர்க்கிறேன் என்று எனக்கே தோன்றவில்லை. தாய் வரும்வரை வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆஸ்பத்திரி வரிசையில் இன்னொருவருக்காக இடம் பிடித்து நிற்கிறவர் மாதிரி. டோர்வலில் பிள்ளையைக் கொடுக்கும்போது, உரியவரிடம் உரிய பொருளைச் சேர்த்துவிட்ட திருப்தியோடுதான் பேருந்தில் ஏறுவேன்.

ஆடி முடிவில் மனைவியின் வேலை நேரத்தை மாற்றினார்கள். புரட்டாதியிலிருந்து காலை பத்துக்குப் போய் மாலை ஆறுக்கு முடிக்க வேண்டும். என்னுடைய வீடியோ அறையோ காலையில் வேறொரு மாணவனுக்கு, பிற்பகல் மூன்றரைக்குப் பிறகுதான் எனக்கு. நடுவில் நாலைந்து மணித்தியாலம் பிள்ளைக்கு ஆளில்லை. கார்டரியில், அதாவது பிள்ளைகள் காப்பகத்தில், பெயர் பதிந்திருந்தோம். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். இந்த நேரத்தில்தான் ரொறன்ரோவிலிருந்து மனைவியின் அக்கா தொலைபேசியில் வந்தார்.

"ஒரு வருசம்தானே, பிள்ளையை என்னட்டை விடுங்கோ. நான் வீட்டிலைதானே இருக்கிறன். மாதத்துக்கு ஒருக்கா வந்து பாக்கலாம்."

அக்கா தங்கமான மனுசி, சொன்னதை மனதாரத்தான் சொன்னார். மனைவி ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். "நீர் என்ன சொல்லுறீர்?" என்றேன். "நீங்கள் சொல்லுங்கோ" என்றாள். "பொம்பிளை ஒராளின்ரை கையிலை வளருறது நல்லதுதானே" என்றேன். அவள் ரிசீவரிலிருந்து கையை எடுத்து, "ஓம் அக்கா" என்றாள். ஆவணி கடைசிச் சனிக்கிழமை அக்கா வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவாயிற்று.

அன்றிலிருந்து டோர்வலில் சண்டை நின்றுபோனது. சொக்ஸைக்கூட அவள் கேட்கவில்லை.

இனி ஏழாம் பாறைக்கு வருகிறேன். நான் பார்த்த ஜோடிகளில் எனக்கு மிகப் பிடித்தது ஏழாம் பாறை ஜோடி. ஒவ்வொரு பறவையின் காலிலும் நிற வளையம் போட்டிருந்தார்கள். யார் இருப்பது என்பதை வளையத்தைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். பறவை குந்தியிருக்கும்போது காலும் தெரியாது, வளையமும் தெரியாது. அப்படியென்றால் 'தெரியவில்லை' என்று எழுதும்படி முதல் நாளே என் மேற்பார்வையாளர் சொல்லியிருந்தாள். அவள் ஆய்வு மாணவி, கியூபெக்காரி, என்னைவிடப் பத்து வயது இளையவள், சிரித்த முகம்.

ஆனால் நான் யாழ்ப்பாணத்து ரியூற்றரியில், சோதனைக்குத் தயார்செய்யும் தனியார் வகுப்பில், வளர்ந்து, அதே ரியூற்றரியில் படிப்பித்தவன். விடைத்தாளில் இடம் விடுவது எங்கள் ஊரில் பாவம். தெரியாவிட்டாலும் ஏதாவது எழுதிவிட்டு வா, ஒரு புள்ளியாவது விழும் என்று எத்தனை நூறு பிள்ளைகளுக்கு நானே சொல்லியிருக்கிறேன்! என் கையால் 'தெரியவில்லை' என்று வரிசையாக எழுதுவதா? முதல் வாரம் எழுதினேன், கை கூசியது. இரண்டாம் வாரத்திலிருந்து என் விலங்கியல் அறிவைப் பாவித்து நிரப்பத் தொடங்கினேன். ஒரு இடம்கூட வெறுமையாக இல்லை. தாளைப் பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது.

எந்த நிற வளையம் ஆணுக்கு, எது பெண்ணுக்கு என்று எனக்குச் சொல்லியிருக்கவில்லை. ஏழாம் பாறையில் காலையிலிருந்து மாலை வரை இருப்பதைத் 'தாய்' என்று எழுதினேன். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. குஞ்சை அப்படிப் பார்த்துக்கொண்டது. காற்றடிக்கும் பக்கம் முதுகைக் கொடுத்து நிற்கும். குஞ்சின் தலையை ஓயாமல் கோதும். குஞ்சு விளிம்புப் பக்கம் நகர்ந்தால் சொண்டால் மெதுவாக உள்ளே தள்ளிவிடும். தாயைத் தவிர வேறு யார் செய்வார்கள்? மாலையில் மீனோடு வருகிற மற்றதைத் 'தந்தை' என்று எழுதினேன். அது கொஞ்சம் முசுடு. வந்ததும் பக்கத்துக்காரரோடு கொத்துப்படும், கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அதுவும் எனக்குப் பொருத்தமாகவே பட்டது.

ஆவணி கடைசி வாரம், புதன்கிழமை, ஏழாம் பாறையின் கடைசி நாடாவைப் போட்டேன். குஞ்சுக்கு மூன்று வாரம். பறக்கத் தெரியாது, செட்டையே சரியாக முளைக்கவில்லை. அந்த வயதில் அவை பாறையிலிருந்து கடலுக்குக் குதிக்கும் என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் மாடியைப்போலப் பல மடங்கு உயரம். கடிகாரம் மாலை என்று காட்டியது, வெயில் மத்தியானம்போல் அடித்தது. இரண்டு பெரியவர்களும் விளிம்பில் நின்றார்கள். குஞ்சு மேலும் கீழும் தலையை ஆட்டியது, முன்னால் போனது, பின்னால் வந்தது. நாடாவில் சத்தம் கிடையாது. நான்தான் "பாத்து, பாத்து" என்று தனி அறையில் கத்திக்கொண்டிருந்தேன்.

குஞ்சு குதித்தது. அந்தக் கணமே ஒரு பறவை அதற்குப் பின்னால் பாய்ந்தது. என் 'தாய்'. இவ்வளவு நாளும் பார்த்த அந்தக் கழுத்து வளைவு எனக்குப் பிழைக்காதே. மற்றது, என் 'தந்தை', விளிம்பிலேயே நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிப்போய் மேற்பார்வையாளரைக் கூட்டிவந்தேன்.

"பாருங்கள், தாய் எப்படிப் பின்னாலேயே போகிறது!" என்றேன்.

அவள் நாடாவைப் பின்னோக்கி ஓட்டி நிறுத்தினாள். பாய்கிற நேரத்தில் பறவையின் கால் தெரிந்தது, வளையமும் தெரிந்தது. ஒரு பட்டியலை எடுத்துப் பார்த்தாள். எல்லாப் பறவைகளுக்கும் இரத்தம் சோதித்து ஆணா பெண்ணா என்று குறித்த பட்டியல் அது.

"அது தந்தை," என்றாள். "குஞ்சோடு கடலுக்குப் போவது எப்போதும் தந்தைதான். இனிப் பல வாரம் கடலில் அவர்தான் மீன் பிடித்துக் கொடுப்பார். தாய் சில நாள் பாறையில் நின்றுவிட்டுத் தன் வழியில் போய்விடும்."

நான் விடவில்லை. பதினொரு வருட விலங்கியல் சும்மா இருக்குமா? இரத்தம் மாறியிருக்கலாம் என்றேன், பட்டியல் பிழையாக இருக்கலாம் என்றேன், மூன்று கிழமையும் பகல் முழுக்கப் பிள்ளை வளர்த்தது தாய்தான், நானே கண்ணால் பார்த்தேன் என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் தாள்களை எடுத்தாள். ஒரு வெறுமைகூட இல்லாத அழகான தாள்கள். "இவ்வளவு இடத்திலும் வளையம் தெரிந்ததா?" என்று கேட்டாள்.

எனக்குக் காது சுட்டது. அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. "பகலில் பிள்ளையோடு இருந்தால் அது தாய் என்று யார் உங்களுக்குச் சொன்னது?" என்றாள். பிறகு, எல்லா நாடாக்களையும் முதலிலிருந்து மறுபடி பார்க்க வேண்டும், தெரியாததைத் தெரியவில்லை என்று எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டுக்குப் போகும் பேருந்தில் எனக்கு முதலில் பறவைகள் மேல் ஆத்திரம் வந்தது. பிறகு என்மேல் வந்தது. மூன்று வாரமாக அந்தத் தகப்பன் முதுகில் காற்றை வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறான். அவன் செய்ததையெல்லாம் நான் இன்னொருவர் பெயரில் எழுதியிருக்கிறேன். அது போகட்டும். என் வீட்டில் ஐந்து மாதமாகப் பகல் முறை நின்றவன் யார்? அவனை நான் எந்தப் பெயரில் எழுதிவைத்திருந்தேன்? லீவில் நிற்பவன் என்று. மூன்று நாளில் அக்கா வரப்போகிறார். 

மறுநாள் மேற்பார்வையாளரிடம் கேட்டேன். இத்தனை நாடாவையும் திரும்பப் பார்ப்பதை வீட்டிலிருந்து செய்யலாமா என்று. கேட்பதற்குள் வியர்த்துவிட்டது. அவள் அலுமாரியைத் திறந்து தூசி படிந்த ஒரு பழைய வீடியோப் பெட்டியைத் தூக்கித் தந்தாள். "முதலே கேட்டிருக்கலாமே" என்றாள். அவ்வளவுதான். ஒரு மாதமாக எங்கள் வீட்டையே அமுக்கிக்கொண்டிருந்த பாரம், ஒரு கேள்வி தூரத்தில் இருந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை அந்தப் பெட்டியையும் இரண்டு பை நாடாக்களையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வாசலில் பிள்ளையின் உடுப்புப் பை கட்டி வைத்திருந்தது. "இனி வீட்டிலை இருந்து பாக்கலாமாம்" என்றேன். மனைவி பெட்டியைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். "எங்கை வைக்கிறது?" என்று மட்டும் கேட்டாள். அக்கா பிள்ளைக்கென்று ஒரு அறைக்கு மஞ்சள் பெயின்ற் அடித்து முடித்துவிட்டதாக முதல்நாள்தான் சொல்லியிருந்தார். அவ்வளவு தூரம் போன விஷயத்தை இப்போது எப்படித் திருப்புவது? அவளுக்குத்தான் அக்காவிடம் விட விருப்பமோ, யார் கண்டது? நான் பெட்டியை வைக்க மேசையில் இடம் ஒதுக்கினேன்.

சனிக்கிழமை மத்தியானம் அக்காவும் சகலனும் வந்து இறங்கினார்கள். ஒரு பானை நண்டுக்கறியைத் துவாயால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே அக்கா ரொறன்ரோவிலிருந்து வந்திருந்தார். அவர்களுடைய வான் வண்டியில் புத்தம்புதுப் பிள்ளை இருக்கை பூட்டியிருந்தது. மகள் அழவில்லை. அக்காவிடம் சிரித்துக்கொண்டு தாவிப்போய்த் தோட்டைப் பிடித்து இழுத்தாள். கொஞ்சமாவது அழுதிருக்கலாம் என்று எனக்குக் கோபம்.

"எத்தினை மணிக்குப் பால் குடிப்பாள்?" அக்கா தங்கையைத்தான் கேட்டார்.

"ஏழுக்கு ஒருக்கா, பதினொண்டுக்கு ஒருக்கா" என்றேன் நான்.

"பூசணிக்காய் சாப்பிடுவாளோ?"

"உருளைக்கிழங்கோடை மசிச்சால் சாப்பிடுவாள். தனியக் குடுத்தால் துப்புவாள்."

"படுக்கிறது எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம். முதுகிலை மூண்டு தரம் தட்ட வேணும். நாலாந்தரம் தட்டினால் எழும்பிடுவாள்."

"தம்பிக்கு எல்லாம் பாடம்" என்று சகலன் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. பிள்ளையின் பையைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் இறங்கினாள். எல்லோரும் இறங்கினோம். அக்கா பிள்ளையைப் புது இருக்கையில் இருத்தி வாரைப் பூட்டினார். மகளுக்கு அந்தப் பூட்டின் 'கிளிக்' சத்தம் பிடித்திருந்தது. கை தட்டினாள்.

"வேறை என்ன தம்பி? எதுக்கு எதுக்கு அழுவாள் எண்டு சொல்லிவிடுங்கோ."

நான் விரலை மடக்கத் தொடங்கினேன். "நகம் வெட்டினால் அழுவாள். தூசி உறிஞ்சிற மெசினுக்கு அழுவாள். தொப்பி போட்ட ஆக்களைக் கண்டால் அழுவாள். பேந்து, நான் குளிக்கப் போய்க் கதவைப் பூட்டினால் அழுவாள்..."

 தெருவில் நின்று, ஆட்கள் போய்வருகிற பகல் வெளிச்சத்தில், நாற்பது வயதை எட்டப்போகிற மாஸ்ரர் நான் மூக்கை உறிஞ்சத் தொடங்கினேன்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. நான் பிள்ளையைத் தரேல்லை."

"என்ன தம்பி சொல்லுறியள்? ஆர் பாக்கிறது?"

"நான்தான் பாக்கிறன். இவ்வளவு நாளும் நான்தான் பாத்தனான். இனி வீட்டிலை இருந்துதான் வேலை."

அக்கா தங்கையின் பக்கம் திரும்பினார். "தாய் நீ என்ன சொல்லுறாய்?" என்று கேட்க வாய் எடுத்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். ஏனென்றால் தாய் ஏற்கெனவே வானுக்குள் பாதி உடம்பை நுழைத்து வாரைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பிள்ளையை வெளியே எடுத்து, அவள் தன் தோளில் போடவில்லை. நேராக என் கையில் தந்தாள். பிறகு, வாழ்க்கையில் முதல்தடவையாக நடுத்தெருவில் நின்று என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"நீங்கள் களைச்சுப் போனியள் எண்டுதான் நான் ஓமெண்டனான்! ஆக்களுக்கு லீவு லீவு எண்டு சொல்லித் திரிஞ்சால் நான் என்னெண்டு நினைக்கிறது? ஒரு நாளாவது வேண்டாமெண்டு சொன்னியளோ?"

"நீர் ஓமெண்டதாலைதானே நான் பேசாமல் இருந்தனான்!"

"பொம்பிளையின்ரை கையிலை வளரட்டும் எண்டது ஆர்?"

"அது விசர்க் கதை! எனக்கு என்ன தெரியும்?"

சகலன் வானின் கதவில் சாய்ந்துகொண்டார். "அப்ப ஐஞ்சரை மணித்தியாலம் ஓடிவந்த நான்தான் இதிலை விசரன்" என்றார். அக்காவுக்கு முதலில் முகம் வாடித்தான் போனது. மஞ்சள் அறை கண்முன் வந்திருக்கும், பாவம். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நண்டு ஆறுது, மேலை வாங்கோ" என்றார். எல்லோரும் மறுபடி மூன்று மாடி ஏறினோம். சகலன்தான் பிள்ளையின் பையைச் சுமந்து வந்தார். அன்று மத்தியானம் அந்த வீட்டில் ஐந்து மாதமாகக் கேட்காத அளவு சத்தம் இருந்தது. கழுத்துவரை நண்டுக்கறி பூசிக்கொண்டு மகள் என் மடியில் நித்திரையானாள். யாரும் அலுமினியத் தாளைத் தேடவில்லை.

புரட்டாதியிலிருந்து நானும் மகளும் பறவை பார்த்தோம். அவள் மடியில், தாள் மேசையில். முதல் தாளிலேயே பதினாறு இடத்தில் 'தெரியவில்லை' என்று எழுதினேன். முதல் மூன்றுக்கும் கை கூசியது, பிறகு பழகிவிட்டது. யாராவது அன்ரி வழியில் கண்டு "தம்பிக்கு வேலை இல்லையோ?" என்று கேட்டால், "இருக்கு அன்ரி, பிள்ளை பாக்கிறன்" என்று சொல்லப் பழகினேன். ஒரு அன்ரி திடுக்கிட்டுப் போனார். இன்னொருவர் தன் மருமகனுக்கும் அதைக் கொஞ்சம் சொல்லித்தரச் சொன்னார்.

அடுத்த வசந்தத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் கார்டரி இடம் கிடைத்தது. விண்ணப்பத் தாளை மனைவி சமையலறை மேசையில் வைத்து நிரப்பினாள். வேலையிடத்துப் பழக்கத்தில் அவளுடைய பிரெஞ்சு என்னுடையதைவிட நல்லது. நான் பக்கத்தில் நின்று எந்த இடமும் வெறுமையாக விடப்படவில்லையா என்று மேற்பார்வை பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது: பிள்ளைக்குச் சுகமில்லாவிட்டால் முதலில் யாரை அழைப்பது? அவள் ஒரு நொடியும் யோசிக்காமல் என் தொலைபேசி எண்ணை எழுதினாள்.

"உம்மடை நம்பரை எல்லோ முதல் போட வேணும்," என்றேன். "தாய்க்குத்தானே எடுப்பினம்."

அவள் பேனையைத் தூக்காமல் அடுத்த கோட்டுக்குப் போய்த் தன் எண்ணை எழுதத் தொடங்கினாள்.

"அதிலை தாய் ஆரெண்டு கேக்கேல்லை," என்றாள். "காய்ச்சல் வந்தால் அவள் ஆரைத் தேடுவாள் எண்டுதான் கேட்டிருக்கு."